செரட்டோனின் கதை பொய்யின்னா மாத்திரை எதுக்கு?

கேள்வி, பிப்ரவரி 8, 2025
மூணு வருஷமா எஸ்சிட்டலோப்ராம் 10 போடுறேன். மூளையில செரட்டோனின்னு ஒரு ரசாயனம் கம்மி, அதான் டிப்ரஷன்னு டாக்டர் சொன்னார். இப்ப அந்த தியரியே பொய்னு லண்டன்ல நிரூபிச்சுட்டாங்கன்னு வீடியோ வீடியோவா வருது. அப்ப இத்தனை நாளா நான் முழுங்குனது என்ன? நேத்து நைட்டோட நிறுத்திட்டேன். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிப்ரவரி 8, இரவு 11:20
தம்பி, இன்னைக்கு மாத்திரையை வழக்கம்போல போடுங்க. காலையில டாக்டருக்கு போன் அடிங்க. நிறுத்தணும்னாலும் படிப்படியாத்தான், அவர்கிட்ட சொல்லிட்டுத்தான். மத்தது நாளைக்கு எழுதறேன், இப்ப தூக்கம் சொக்குது.

பிப்ரவரி 9, காலை
நான் டாக்டர் இல்ல. 2003லருந்து 2009 வரைக்கும் எம்.ஆர்., அதாவது மருந்துக் கம்பெனி ரெப், மதுரை ஹெட்குவார்ட்டர்ஸ், தேனி திண்டுக்கல் போய்ட்டு வர்ற எக்ஸ்-ஸ்டேஷன், மாசம் ரெண்டு நாள் கொடைக்கானல். கம்பெனி பேர் வேண்டாம். எங்க பையில இருந்த முக்கியமான சரக்கே நீங்க போடுற இந்த மருந்துதான்.

அந்த செரட்டோனின் கதையை ஊர் ஊராத் தூக்கிக்கிட்டு அலைஞ்ச கூட்டத்துல நானும் ஒருத்தன். டாக்டர்கிட்ட விரிச்சுக் காட்டற விஷுவல் எய்ட்ல அஞ்சாவது பக்கம் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. இடது பக்கம் ஒரு நரம்பு முனை, அதுல நாலே நாலு நீல உருண்டை, கீழ ஒரு பொம்பள தலையில கைவச்சு உக்காந்திருப்பா. வலது பக்கம் அதே நரம்பு, உருண்டை பொங்கி வழியும், அதே பொம்பள கொழந்தையைத் தூக்கிக்கிட்டு சிரிப்பா. பேனா முனையால உருண்டையைத் தொட்டுக் காட்டி நாப்பது செகண்டுக்குள்ள சொல்லி முடிக்கணும், அதுக்குள்ள அடுத்த பேஷன்ட் கதவைத் தள்ளிருவார். உசிலம்பட்டியில ஒரு வயசான டாக்டர், எம்.பி.பி.எஸ். மட்டும்தான், ஒரு நாள் கண்ணாடியை எறக்கி விட்டுக்கிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, இந்த உருண்டையை எவனாச்சும் எண்ணிப் பாத்தானா?" நான் இளிச்சுட்டு சாம்பிளை வச்சுட்டு வந்துட்டேன்.

2017ல எனக்கே டிப்ரஷன் வந்துச்சு. அப்ப வேற வேலையில இருந்தேன். சைக்கியாட்ரிஸ்ட் பிரிஸ்கிரிப்ஷன் பேடைத் திருப்பிப் போட்டு, ஒரு நரம்பு வரைஞ்சு உருண்டை வரைஞ்சார். சிரிப்பு வந்திருக்கணும். வரல. அந்த மாசம் எதுக்குமே வரல.

பிப்ரவரி 9, மத்தியானம்
வீடியோவுல சொல்ற பேப்பர் 2022 ஜூலையில மாலிக்யூலர் சைக்கியாட்ரி இதழ்ல வந்தது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல ஜோனா மான்கிரீஃப்னு ஒரு அம்மா, கூட சில பேர். புதுசா அவங்க யாரோட மூளையையும் அளக்கல. அதுவரைக்கும் வந்த அலசல் கட்டுரையெல்லாம் ஒண்ணாப் போட்டுத் திரும்ப அலசினாங்க. ரத்தத்துல செரட்டோனின், முதுகுத்தண்டு நீர்ல அது உடைஞ்சு வர்ற பொருள், அதைப் பிடிக்கிற ரிசப்டர், மரபணு, எதுலயும் "டிப்ரஷன்காரங்களுக்குக் கம்மி"ன்னு உறுதியாச் சொல்ற மாதிரி ஆதாரம் சிக்கலன்னாங்க.

உசிலம்பட்டி டாக்டர் கேட்டதும் இதான், பதினஞ்சு வருஷம் முன்னாடியே.

ஆனா மாத்திரை வேலை செய்யுதா இல்லையான்னு அந்தப் பேப்பர் பாக்கவே இல்ல. அது வேற கணக்கு. தலைவலிக்கு பாராசிட்டமால் போட்டா கேக்குது, அதுக்காக தலைக்குள்ள பாராசிட்டமால் கம்மியா இருந்துச்சுன்னா அர்த்தம்? கதை ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம். ரெண்டையும் ஒரே ஸ்ட்ரிப்ல வச்சு வித்தது எங்க ஆளுங்க.

பிப்ரவரி 11
"அப்ப அந்தக் கதை எங்கருந்துதான் வந்துச்சு"ன்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. இது எனக்குப் பிடிச்ச ஏரியா, கொஞ்சம் நீளும்.

ரெண்டு பக்கத்துலருந்து வந்துச்சு. ஒண்ணு நியூயார்க்ல ஸ்டேட்டன் ஐலண்ட், சீ வியூ ஆஸ்பத்திரி, 1952. டி.பி. பேஷன்ட்டுகளுக்கு ஐப்ரோனியாசிட்னு ஒரு மருந்து குடுத்தாங்க. நுரையீரல் தேறுதோ இல்லையோ, சாகக் கிடந்த ஆளுங்க எழுந்து வார்டுல ஆடுறாங்க, பசிக்குதுங்கறாங்க. அது செரட்டோனின் மாதிரி சங்கதிகளை உடைக்கிற ஒரு என்சைமை அடைக்குதுன்னு அப்புறமா தெரிஞ்சுச்சு.

இன்னொண்ணு நம்ம ஊர்ச் சரக்கு. சர்ப்பகந்தா வேர். பம்பாய்ல ரஸ்தம் ஜால் வக்கீல்னு ஒரு டாக்டர் அதை பி.பி.க்குக் குடுத்துப் பாத்து 1949ல இங்கிலாந்துப் பத்திரிகையில எழுதினார், உலகமே திரும்பிப் பாத்துச்சு. அதுலருந்து பிரிச்ச ரெசர்பின்தான் அந்தக் காலத்து பி.பி. மாத்திரை. அதைப் போட்டவங்கள்ல சில பேர் சோர்ந்து போய் மூலையில உக்காந்துட்டாங்கன்னு ரிப்போர்ட் வந்துச்சு, ரெசர்பின் மூளையில இந்தச் சங்கதிகளைக் குறைக்குதுன்னும் தெரிஞ்சுச்சு. ஏத்துனா ஆடுறான், குறைச்சா உக்கார்றான், அப்ப டிப்ரஷன்னா கம்மின்னு 1960கள்ல முடிச்சுப் போட்டாங்க. அப்ப இருந்த தகவலுக்கு அது நியாயமான ஊகம்தான். ஊகத்தை விளம்பரமாக்குனது பின்னாடி, 1987 கடைசியில அமெரிக்காவுல ஃப்ளுவாக்ஸெட்டின்னு, தம்பி போடுற மாத்திரை வகையறா, அனுமதி வாங்கினதுக்கு அப்புறம்.

பிப்ரவரி 12
இல்லண்ணே, சர்ப்பகந்தா வேரை நாட்டுமருந்துக் கடையில வாங்கிக் கஷாயம் போட்டு டிப்ரஷனுக்குக் குடிக்கறது நல்ல ஐடியா இல்ல. மேல என்ன எழுதியிருக்கேன்னு இன்னொரு தடவை படிங்க :)

பிப்ரவரி 16
மாத்திரை வேலை செய்யுதா?

செய்யுது, ஆனா நான் வித்த அளவுக்கு இல்ல. 2018ல லான்செட் மருத்துவ இதழ்ல சிப்ரியானி குழு 21 மருந்து, 522 டிரையல், 1,16,477 பேர்னு மொத்தமாக் கூட்டிப் பாத்தாங்க. 21ம் மருந்தே இல்லாத டூப்பு மாத்திரையை ஜெயிச்சுச்சு. ஜெயிச்ச வித்தியாசம் சின்னது. தோராயமாச் சொன்னா, மருந்து எடுத்தவங்கள்ல பாதிப் பேருக்கு நல்லாக் குறையுது, ஒண்ணுமே இல்லாத டூப்பு மாத்திரை எடுத்தவங்கள்லயும் நூத்துக்கு 35, 40 பேருக்குக் குறையுது. அந்த 35, 40ஐ யோசிச்சுப் பாருங்க. டூப்பு மாத்திரையில என்ன இருக்கு? வாரா வாரம் ஒருத்தர் கூப்பிட்டு எப்படி இருக்கீங்கன்னு கேக்கறாங்க. ஃபாரம் நிரப்பச் சொல்றாங்க. சரியாயிரும்னு ஒரு நெனப்பு இருக்கு. சில பேருக்குத் தானாவே இறங்குற காலமும் அதுதான்.

ஸ்டார்-டின்னு அமெரிக்காவுல பெரிய ஆய்வு. நாலாயிரம் பேருக்கு மேல. முதல் மாத்திரை சிட்டலோப்ராம், அது கேக்கலைன்னா ரெண்டாவது படி, மூணாவது, நாலாவது. முதல் படியில மூணுல ஒருத்தருக்குத்தான் முழுசா விட்டுச்சு. நாலு படியும் ஏறினா மொத்தம் 67 சதவீதம் பேர் தேறினாங்கன்னு 2006ல சொன்னாங்க. அதனால முதல் மாத்திரை கேக்கலைன்னு மனசு விட வேண்டாம். எனக்கும் ரெண்டாவதுதான் கேட்டுச்சு.

பிப்ரவரி 17
நேத்து எழுதுன 67ஐ அடிச்சுடுங்க. அடிக்கக்கூட வேணாம், பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டுக்கங்க. அந்தக் கணக்கு, பாதியில விட்டுப் போனவங்களும் இருந்திருந்தா அதே வேகத்துல தேறியிருப்பாங்கன்னு வச்சுப் போட்டது. 2023ல பிகாட்னு ஒருத்தரும் கூட்டாளிகளும் மூல டேட்டாவை வாங்கி, ஆரம்பத்துல எழுதி வச்ச விதிப்படியே திரும்பக் கூட்டினாங்க, 35 சதவீதம்தான் வந்துச்சு. பழைய ஆய்வுக்காரங்க ஒத்துக்கல, பதிலுக்கு பதில் ஓடிக்கிட்டிருக்கு. எம்.ஆர். காலத்துல மனப்பாடம் பண்ணுன நம்பர் இன்னும் வாயில தானா வருது, என்ன பண்ண.

பிப்ரவரி 23
தம்பி மெசேஜ் போட்டிருந்தார், திரும்ப ஆரம்பிச்சுட்டாராம், டாக்டரைப் பாத்தாராம். சந்தோஷம். நான் ஏன் அன்னைக்கு ராத்திரி அவ்வளவு பதறினேன்னு இப்ப சொல்றேன்.

2019 ஆடி மாசம். நல்லாத்தான் இருந்தேன். இனிமே எதுக்குன்னு நானே டாக்டராகி 10ல இருந்து நேரா ஜீரோ. மூணாம் நாள் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல தலையைத் திருப்பினேன், தலைக்குள்ள சுர்ருனு கரண்ட் அடிச்ச மாதிரி ஒண்ணு, கண்ணு நகந்து ஒரு செகண்ட் கழிச்சுத்தான் காட்சி நகருது. கரும்பு ஜூஸ் வண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் ராத்திரியெல்லாம் வேர்வை, கனவு, பொண்டாட்டி பிள்ளைங்க மேல எரிஞ்சு விழறது. ஆறு வாரத்துல பழைய நோயே திரும்பி வந்துச்சு, இந்தத் தடவை சாப்பாடும் இறங்கல. பாருங்க, அதுல எது மருந்தை விட்டதால வந்தது, எது நோய் திரும்பினதுன்னு அப்பவும் தெரியல, இப்பவும் தெரியல.

விட்டா எத்தனை பேருக்கு இப்படி ஆகும்? 2024ல லான்செட் சைக்கியாட்ரியில 79 ஆய்வு, 21,000 பேர்னு ஒரு கூட்டுக் கணக்கு வந்துச்சு. மருந்தை நிறுத்தினவங்கள்ல 31 சதவீதம் பேருக்கு ஏதாச்சும் ஒரு தொந்தரவு. டூப்பு மாத்திரையை நிறுத்தினவங்கள்லயும் 17 சதவீதம்! ஒண்ணுமே இல்லாததை நிறுத்தி ஒடம்பு படுத்துது. சிரிக்காதீங்க, அவங்களுக்கு அது நெஜமாவே படுத்தியிருக்கும்.

இன்னொண்ணு, நல்லாயிருக்கறவங்க தொடரணுமா நிறுத்தலாமான்னு இங்கிலாந்துல 478 பேரை வச்சுப் பாத்தாங்க, ஆன்ட்லர்னு பேர், 2021. ஒரு வருஷத்துல தொடர்ந்தவங்கள்ல 39 சதவீதத்துக்கு நோய் திரும்புச்சு, மெல்ல நிறுத்தினவங்கள்ல 56. தொடரணும்னு சொல்றவனும் இந்த நம்பரைக் காட்டலாம், நிறுத்துனவங்கள்ல நூத்துக்கு 44 பேருக்கு வரலையேன்னு சொல்றவனும் இதையே காட்டலாம்.

பிப்ரவரி 23, கொஞ்ச நேரம் கழிச்சு
எழுத மறந்தது. குறைக்கறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. 20ல இருந்து 10 பாதி, 10ல இருந்து 5 பாதி, அப்புறம் நிறுத்திரலாம்னுதான் தோணும். ஆனா மூளையில இந்த மருந்து பிடிச்சுக்கற இடமெல்லாம் சின்ன டோஸ்லயே பெரும்பாலும் நெறஞ்சு போயிருது. மேல இருந்து இறங்கும்போது படி சின்னதா இருக்கும், கடைசிப் படிதான் கிணத்துக்குள்ள குதிக்கிற மாதிரி. ஹோரோவிட்ஸ், டெய்லர்னு ரெண்டு பேர் 2019ல ஸ்கேன் கணக்கை வச்சு இதை எழுதினாங்க. அதனால கீழ போகப் போகத்தான் துண்டு சின்னதாகணும். நான் ஆறு வருஷம் வித்தேன், நிறுத்தறது எப்படின்னு ஒரு பக்கம்கூட எங்க விஷுவல் எய்ட்ல கெடையாது.

மார்ச் 2
கெட்டமின் பத்தி மூணு பேர் கேட்டுட்டாங்க. அது புது மருந்து இல்ல. 1970லருந்து மயக்க மருந்து, நம்ம கவர்மென்ட் ஆஸ்பத்திரியில எல்லாம் ரொம்ப காலமா இருக்கு. 2000ல யேல் யூனிவர்சிட்டியில 7 பேருக்குச் சின்ன டோஸ்ல ரத்தத்துல ஏத்தினாங்க, மூணு நாளுக்குள்ள பாரம் இறங்குச்சு. மத்த மாத்திரைக்கு மூணு நாலு வாரம் ஆகுதே, இது எப்படின்னு உலகமே அதுக்குப் பின்னாடி ஓடுச்சு. குளூட்டமேட்னு வேற ரூட்ல வேலை செய்யுதுங்கறாங்க. (பாத்தீங்களா, திரும்ப ஒரு நரம்பு, திரும்ப ஒரு உருண்டை, கலர்தான் வேற.) 2019 மார்ச்சுல அமெரிக்காவுல கெட்டமின் வகையான எஸ்கெட்டமின் மூக்கு ஸ்பிரே அனுமதி வாங்குச்சு, வேற மாத்திரைகூட சேத்துத்தான் குடுக்கணும்னு. 2025 ஜனவரியில தனியாவே குடுக்கலாம்னுட்டாங்க. வீட்டுக்குக் குடுத்து விட மாட்டாங்க, க்ளினிக்ல உக்கார வச்சு ரெண்டு மணி நேரம் பாத்துட்டுத்தான் அனுப்புவாங்க. ஃப்ரெண்ட்ஸ் சீரியல் நடிகர் மேத்யூ பெர்ரி செத்தது தெரியும்ல, அந்த ரிப்போர்ட்லயும் கெட்டமின்தான் முதல்ல இருந்துச்சு. சும்மா இல்ல.

மார்ச் 3
நேத்து எழுதும்போதே இதைச் சொல்லணும்னு கை பரபரத்துச்சு. ஸ்டான்ஃபோர்டுல 2023ல வந்த ஒரு ஆய்வு, 40 பேர்தான், ஆனா நான் படிச்சதுலயே புத்திசாலித்தனமானது இதுதான்.

கெட்டமின் டிரையல்ல ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஏத்தின அஞ்சாவது நிமிஷம் ஒடம்பு மிதக்கும், செவுரு நெளியும். யாருக்கு மருந்து, யாருக்கு உப்புத்தண்ணின்னு ஆயாம்மா வரைக்கும் தெரிஞ்சுரும். உப்புத்தண்ணி கிடைச்சவன் "போச்சு"ன்னு உக்காந்துருவான், அதுலயே அவன் டிப்ரஷன் ஸ்கோர் குறையாம நின்னுரும். இதுக்கு என்ன பண்ணலாம்? டிப்ரஷனும் இருந்து, வேற ஏதோ ஆபரேஷனுக்கும் வந்திருக்கறவங்களாப் பாத்துப் பிடிச்சாங்க. ஆபரேஷனுக்கு மயக்கம் குடுத்து முழுசாத் தூங்கின பிறகு பாதிப் பேருக்கு கெட்டமின், பாதிப் பேருக்கு உப்புத்தண்ணி. மிதக்கறதுக்கு அங்க ஆளே முழிச்சில்ல. எழுந்த பிறகு கேட்டா எது கிடைச்சுச்சுன்னு ஒழுங்கா ஊகிக்க முடியல.

ரெண்டு குரூப்புக்கும் ஸ்கோர் மளமளன்னு பாதியாக் குறைஞ்சுச்சு. ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல.

அப்ப கெட்டமின் சும்மாவா? அப்படியும் சொல்ல முடியாது. அந்த மிதக்கற அனுபவமேதான் மருந்தோ என்னமோ, தூங்கிட்டா அது போயிருது. இல்ல மயக்க மருந்தே எதையாவது பண்ணுச்சோ. இல்ல, பத்துப் பதினஞ்சு வருஷமா ஒருத்தரும் கண்டுக்காத ஆளை டாக்டருங்க சுத்தி நின்னு பேசி, கையெழுத்து வாங்கி, "உங்க டிப்ரஷனுக்குப் புதுசா ஒண்ணு பாக்கறோம்"னு சொன்னாங்கல்ல, அதுவோ. 40 பேரை வச்சு இதுக்கு மேல இழுக்கக்கூடாது. எனக்குத்தான் ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

மார்ச் 9
கொடைக்கானல் காளான் பத்தி யார் கேக்கப்போறீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், கேட்டுட்டீங்க.

அதுல இருக்கற போதைச் சரக்கு பேர் சைலோசைபின். 2021ல லண்டன் இம்பீரியல் காலேஜ்ல 59 பேரை வச்சு எஸ்சிட்டலோப்ராமோட மோத விட்டாங்க, முன்னாடியே குறிச்சு வச்ச முக்கிய அளவுகோல்ல ரெண்டுக்கும் சொல்லிக்கற வித்தியாசம் வரல. 2022ல 233 பேர், ஒரே ஒரு தடவை 25 மில்லிகிராம், மூணு வாரத்துல 1 மில்லிகிராம் வாங்கினவங்களை விட நல்லாத் தேறினாங்க. ஆனா அதே ஓட்டை இங்கயும். 25 கிடைச்சவனுக்குச் சாமியே தெரியுது, அவன்கிட்டப் போய் உனக்கு எது கிடைச்சுச்சுன்னு தெரியாதுன்னு சொல்லி வச்சிருக்காங்க. அதுவும் ரூம்ல கூடவே ஆறேழு மணி நேரம் பயிற்சி எடுத்த ஆள் உக்காந்திருப்பாங்க, முன்னாடியும் பின்னாடியும் பேச்சு. மன்னவனூர் ரோட்டுல எவனோ பேப்பர்ல மடிச்சுத் தர்றதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நம்ம ஊர்ல சட்டப்படி குத்தம், மாட்டினா ஜாமீனுக்கு அலையணும், டிப்ரஷன் அப்புறம்தான்.

மார்ச் 15
"கரண்ட் வைக்கிறது இன்னும் இருக்கா, அது காட்டுமிராண்டித்தனம் இல்லையா"ன்னு கேட்டவங்களுக்கு.

சினிமாவுல காட்டற மாதிரி கட்டிப்போட்டு வாயில துணி வச்சு இல்ல. 1938ல ரோம்ல செர்லெட்டியும் பினியும் ஆரம்பிச்சப்ப மயக்கம் குடுக்காமத்தான் பண்ணாங்க, அந்தக் கெட்ட பேரு இன்னும் போகல. நம்ம நாட்டு 2017 மனநலச் சட்டப்படி மயக்க மருந்தும் தசை தளர்த்தற மருந்தும் இல்லாம ஈ.சி.டி.ங்கற இந்தக் கரண்ட் வைத்தியத்தைக் குடுக்கவே கூடாது.

எங்க சித்திக்குக் குடுத்தாங்க. அது சாப்பாட்டையே நிறுத்தி, பேச்சையும் நிறுத்தி, "என் கொடலெல்லாம் அழுகிப்போச்சு, எனக்கு எதுக்குச் சோறு"ன்னு சொல்லிக்கிட்டுக் கெடந்துச்சு, முப்பத்தஞ்சு கிலோ. சித்தப்பா கடைசி வரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்னார், கோடாங்கி பாத்தாச்சு, குலதெய்வம் கோயிலுக்கு ஆடு வெட்டியாச்சு. நாலாவது ஷாக் முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் நான்தான் கூட இருந்தேன். படுத்துக்கிட்டே கேட்டுச்சு: "ஏண்டா, காப்பியில சீனியே போடலையா?" நான் வெளிய போய் அழுதேன். ஆனா அதுக்கு அந்த வருஷத்துத் தீபாவளியும் தங்கச்சி மக வளைகாப்பும் சுத்தமா ஞாபகம் இல்ல. போட்டோவைக் காட்டினா "நான் இந்தச் சேலையா கட்டியிருந்தேன்"னு பாக்கும். அந்த நஷ்டத்தை யாரும் சின்னதுன்னு சொல்லாதீங்க.

2023ல அமெரிக்காவுல 403 பேரை வச்சு கெட்டமினுக்கும் ஈ.சி.டி.க்கும் போட்டி வச்சாங்க, கெட்டமின்ல 55 சதவீதம் பேருக்குக் கேட்டுச்சு, ஈ.சி.டி.ல 41. ஞாபகமும் கெட்டமின்ல அவ்வளவாப் போகல. அப்ப ஈ.சி.டி. காலம் முடிஞ்சுச்சுன்னு தோணுது.

மார்ச் 16
ஈ.சி.டி. காலம் முடியல. அவசரப்பட்டுட்டேன். அந்த 403ல பெரும்பாலும் வீட்டுலருந்து வந்து போறவங்க, கொடல் அழுகிப்போச்சுங்கற சித்தி மாதிரி ஆளை அதுல சேக்கவே இல்ல. ஸ்வீடன்ல வார்டுல படுத்திருந்த 186 பேரை வச்சுப் பாத்தாங்க, அங்க ஈ.சி.டி. 63 சதவீதம், கெட்டமின் 46. யாரைச் சேக்கறோம்ங்கறதுல பாதி ரிசல்ட் முடிவாகிருது.

அது மட்டுமா, 1980ல லண்டன் நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரியில 70 பேருக்கு, பாதிப் பேருக்கு நெஜ ஷாக், மீதிப் பேருக்கு மயக்கம் மட்டும் குடுத்து எழுப்பிட்டாங்க. ரெண்டு குரூப்புமே நல்லாத் தேறுச்சு, நெஜம் கொஞ்சம் கூட. 2003ல எல்லா ஆய்வையும் கூட்டினப்ப நெஜ ஷாக் தெளிவா ஜெயிச்சுச்சு. சித்தி விஷயத்துல வெறும் மயக்கத்துக்கு அது எழுந்து சீனி கேட்டிருக்கும்னு என்னால நம்ப முடியல. என்னால நம்ப முடியலைங்கறது ஆதாரம் இல்லதான்.

ஏப்ரல் 6
ஆடிட் நேரம், எழுத முடியல. வரிசையா கேட்டதுக்கு வெரசா:

தலைக்கு மேல காந்தம் வச்சு மூளையைத் தூண்டற டி.எம்.எஸ். அமெரிக்காவுல 2008லருந்து இருக்கு. ஸ்டான்ஃபோர்டு ஆளுங்க ஒரு நாளைக்கு பத்து தடவை, அஞ்சே நாள்ல முடிக்கிற மாதிரி புது முறை கொண்டு வந்து 29 பேர்ல பிரமாதமான ரிசல்ட் காட்டினாங்க. 29 பேர். அவ்வளவுதான் சொல்வேன். பிரசவத்துக்கு அப்புறம் வர்ற டிப்ரஷனுக்கு சுரானலோன்னு 14 நாள் மாத்திரை 2023ல அங்க வந்திருக்கு, பொதுவான டிப்ரஷனுக்குக் கேட்டப்ப அனுமதி தரல. நடை, ஓட்டம், யோகா, வெயிட் தூக்கறது எல்லாம் 2024ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் கூட்டுக் கணக்குல நல்லா வந்திருக்கு, 218 ஆய்வு. ஆனா படுக்கையை விட்டு எழ முடியாதவன்கிட்ட "வாக்கிங் போ"ன்னு சொல்றவங்களைக் கண்டா எனக்கு இன்னும் கோவம் வரும். என் மச்சான் ஆறு மாசம் அதான் சொன்னான்.

ஏப்ரல் 20
மச்சான் சொன்னதையே வேற மாதிரி சொன்னா கேக்குது, அதான் விஷயம். கோவாவுல நடந்தது.

சங்கத்னு ஒரு அமைப்பு, விக்ரம் பட்டேல்னு சைக்கியாட்ரிஸ்ட். கோவாவுல 10 ஆரம்ப சுகாதார நிலையம், 495 பேர், நடுத்தரமும் கடுமையுமான டிப்ரஷன். பேசப் போனவங்க டாக்டரோ சைக்காலஜிஸ்டோ இல்ல, அதே ஊர்க்காரங்க, மனநலம் முன்னப்பின்ன படிக்காதவங்க, சில வாரம் பயிற்சி குடுத்து அனுப்பினாங்க. ஆறுலருந்து எட்டு தடவை, தடவைக்கு அரை மணி நாப்பது நிமிஷம். ஏன் வந்துச்சு, சின்ன வயசுல என்னன்னு தோண்டல. நீங்க முன்னாடி என்ன பண்ணுவீங்க, இப்ப எதை விட்டுட்டீங்க, இந்த வாரம் அதுல ஒண்ணே ஒண்ணு, எவ்வளவு சின்னதா இருந்தாலும், எப்ப பண்ணப் போறீங்க? அடுத்த வாரம் வந்து கேப்பாங்க. மூணு மாசத்துல 64 சதவீதம் பேர் தேறினாங்க, வழக்கமான வைத்தியத்துல 39. ஒரு வருஷம் கழிச்சும் பெருசா கரையல. 2017 லான்செட்.

ஜிம்பாப்வேல கிட்டத்தட்ட இதே மாதிரி, அங்க பாட்டிகள். ஹெல்த் சென்டர் வாசல்ல மரத்தடி பெஞ்ச், டிக்ஸன் சிபாண்டான்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்சது. அவங்க ஷோனா பாஷையில டிப்ரஷனுக்குக் கிட்டத்துல இருக்கற வார்த்தை "குஃபுங்கிசிசா", அதாவது ரொம்ப யோசிக்கிறது. எங்க அம்மா என்னைப் பத்தி ஊருக்கெல்லாம் சொன்னதும் அதேதான், "அவனுக்கு ஒண்ணுமில்ல, யோசனைதான் ஜாஸ்தி."

எனக்கு நடந்ததைச் சொல்றேன். 2019ல திரும்ப விழுந்தப்ப மாத்திரை மாத்தினாங்க, கூடவே க்ளினிக்ல ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும், டிப்ரஷன் எவ்வளவுன்னு அளக்கற பி.ஹெச்.க்யூ-9 ஃபாரம் நிரப்பச் சொல்லி, தமிழ்ல, ஒம்பது கேள்வி, மார்க் கூடக் கூட மோசம். எனக்கு 27க்கு 19. அப்புறம் கேட்டுச்சு: "சார் முன்னாடி காலையில என்ன பண்ணுவீங்க?" வண்டி தொடைப்பேன்னேன். எம்.ஆர். பழக்கம், ஷூவும் வண்டியும் பளபளன்னு இருக்கணும். "எத்தனை நாளாச்சு தொடைச்சு?" நாலு மாசம். "புதன்கிழமை கண்ணாடி மட்டும் தொடைங்க. ரெண்டு கண்ணாடி. வண்டி வேண்டாம்." எனக்கு அவமானமா இருந்துச்சு, நாப்பது வயசுக்காரனுக்குக் கண்ணாடி தொடைக்கிற ஹோம்வொர்க். புதன்கிழமை போகல. வியாழக்கிழமை பழைய பனியனை எடுத்துட்டுப் போய் ஒரு கண்ணாடியைத் தொடைச்சேன், இன்னொண்ணு முடியல, மேல வந்து படுத்துட்டேன். அதுகிட்ட போன்ல சொன்னேன், "ஒண்ணுதான்மா." "எந்தப் பக்கம் சார்?" அப்படின்னுச்சு. வலது பக்கம். அதை எழுதிக்கிட்ட சத்தம் போன்ல கேட்டுச்சு.

மே 4
கோவா ஆய்வுல ஒரு நெருடல், நானே என்னை மறிச்சுக்கறேன். கெட்டமினைக் குடைஞ்ச மாதிரி இதையும் குடையணும்ல. யார் வீட்டுக்கு ஆள் வந்து பேசுது, யார் வீட்டுக்கு வரலன்னு எல்லாருக்கும் தெரியும். இதுல டூப்பு வைக்கவே முடியாது, எப்படி வைப்பீங்க, பேசற மாதிரி நடிக்கவா? அப்ப 64ல எவ்வளவு அந்த "ஒரு வேலை குடு" முறை, எவ்வளவு வெறுமனே ஒருத்தர் கதவைத் தட்டினது? பிரிக்க வழி தெரியல. எம்.ஆர். புத்தி பிரிக்கணுங்குது. நோயாளி புத்தி, கதவைத் தட்டட்டும் முதல்லங்குது. 2015-16 தேசிய மனநல சர்வேபடி நம்ம நாட்டுல டிப்ரஷன் இருக்கறவங்கள்ல 85 சதவீதம் பக்கம் எந்த வைத்தியத்துக்கும் வரல. அவங்களுக்கு டூப்பு மாத்திரைகூட கிடைக்கல.

ஆள் இல்லாதவங்க, ராத்திரி தாங்க முடியலன்னா 14416. டெலி மானஸ்னு அரசாங்க மனநல உதவி எண், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம். நம்பரை எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க, போன்ல சேவ் பண்ணினா அந்த நேரத்துல தேட மனசு வராது.

ஜூன் 1
தம்பி எழுதியிருக்கார். மாத்திரை தொடருது, டாக்டர்கிட்ட நேரா கேட்டுட்டாராம், செரட்டோனின் கம்மின்னு சொன்னீங்களே சார்னு. அவர் சிரிச்சுட்டு, "சுலபமாப் புரியும்னு சொன்னேன், எப்படி வேலை செய்யுதுன்னு முழுசா எங்களுக்கே தெரியாது"ன்னாராம். தம்பிக்கு அது பிடிச்சிருக்கு, நம்பிக்கை கூடிடுச்சுங்கறார். இந்த மனுஷன் மருந்தை நம்பறாரா, தெரியாதுன்னு ஒத்துக்கிட்ட டாக்டரை நம்பறாரான்னு நான் கேக்கல.

ஜூன் 22
நானும் இறங்கிக்கிட்டிருக்கேன், முன்னாடி சொல்லல, திருஷ்டி படும்னு. நல்லாயிருந்து மூணு வருஷம் ஆச்சு, இந்தத் தடவை டாக்டரே கணக்குப் போட்டுக் குடுத்திருக்கார். கூடவே போட்டுக்கிட்டிருந்த இன்னொரு மாத்திரையை ஏற்கெனவே விட்டாச்சு. எஸ்சிட்டலோப்ராம் பிப்ரவரியில 10, ஏப்ரல்ல 7.5, இப்ப 5. சரியில்லைன்னா பழைய படிக்கே ஏறிருவோம்னு பேச்சு.

ஜூலை 6
2.5க்கு வந்து பதினோரு நாள். தலை கரண்ட் ரெண்டு தடவை, சின்னதா. மருந்து இறங்கினதா, இல்ல அந்த 17 சதவீதத்துல நானும் ஒருத்தனான்னு தெரியல, தேதி போட்டுக் குறிச்சு வச்சிருக்கேன். பி.ஹெச்.க்யூ 4. தூக்கம் பரவால்ல.

பெரிய தொல்லை கட்டர்தான். 5 மாத்திரையை வெட்டினா பாதி பாதியா வரல, ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் பொடி. இனி இதுக்கும் கீழ எப்படி வெட்டறது? சொட்டு மருந்தா வருமான்னு ரெண்டு கடையில கேட்டேன், உதட்டைப் பிதுக்கினாங்க. பழைய பழக்கத்துல ஸ்டாக்கிஸ்ட்டுக்கு போன் போட்டேன். பதினாறு வருஷம் கழிச்சும் குரலைக் கண்டுபிடிச்சுட்டான். "என்னண்ணே, மாசக் கடைசியா, டார்கெட் இடிக்குதா?"ன்னான். இல்லடா, எனக்குத்தான்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. வியாழக்கிழமைக்குள்ள விசாரிச்சுச் சொல்றேன்னு வச்சிருக்கான்.